ஆப்பிள் பிஸ்கோத்தும் அம்மாவின் பதமும்

நம் ஊரில் இலை உதிர்ந்தால் வாசல் பெருக்குகிறவர்களுக்கு வேலை கூடும், அதோடு சரி. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலோ இலை உதிர்வதே ஒரு திருவிழா! 2022-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில், பாஸ்டன் நகருக்கு மேற்கே இருக்கும் என் தமக்கையின் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மேப்பிள் மரங்கள் குங்குமமும் மஞ்சளும் அப்பிக்கொண்டு நின்றன. காலையில் நல்ல குளிர். மத்தியானம் இதமான வெயில். தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

தீபாவளி என்றதும் அக்காவும் நானும் அதிரசத்துக்கு மாவு இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அங்கேதான் வந்தது வினை. அம்மா காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவின் அதிரசத்துக்கு எங்கள் தெருவில் தனிப் பெயர் உண்டு. ஆனால் பாகு எந்தப் பதத்தில் இறக்குவாள்? "தண்ணீரில் விட்டால் உருட்ட வரவேண்டும்" என்றாள் அக்கா. "உருளக் கூடாது, கையில் குழைய வேண்டும்" என்றேன் நான். இருவரும் இருபது வருஷம் அம்மாவின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்தாம். அக்கா சொன்னபடி ஒரு தடவை செய்தோம், கல்லாகிவிட்டது. என் பேச்சைக் கேட்டு மறுபடி செய்தோம். எண்ணெயில் போட்டதும் பிரிந்து போயிற்று. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். பட்சணம் கெட்டுப்போனதற்காகவா அப்படி நின்றாள்? இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மனத்தை மாற்ற மறுநாள் ஆப்பிள் தோட்டத்துக்குப் போனோம். அந்தப் பக்கத்தில் ஸ்டோ என்று ஒரு சிற்றூர். அதைச் சுற்றிப் பல ஆப்பிள் தோட்டங்கள். காகிதப் பைக்கு விலை கொடுத்துவிட்டால் நாமே மரத்திலிருந்து பறித்துக்கொள்ளலாம். குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வந்து பறிக்கிறார்கள். நாங்களும் ஒரு பை நிறைய, ஐந்து கிலோவுக்குக் குறையாமல், கொண்டு வந்தோம். வீட்டில் கொட்டிப் பார்த்தால் கால் பங்கு அடிபட்டிருந்தது. அக்காவின் பிள்ளைகள் பையைத் தரையில் இழுத்து வந்த கைங்கரியம்!

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். எண்பது வயதைக் கடந்தவர், தனியாக இருக்கிறார். கையில் ஒரு தட்டு; அதன் மேல் துணி மூடியிருந்தது. ஆப்பிள்களைப் பார்த்ததும், "அடிபட்டதையெல்லாம் உடனே பிரித்து வை, பெண்ணே. ஒன்று கெட்டால் மற்றதையும் கெடுத்துவிடும்" என்றார். இது வெறும் பழமொழி அல்ல. ஆப்பிள் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயு வெளியாகிறது. அடிபட்ட பழம் அதை இன்னும் அதிகமாக விடும். பக்கத்தில் இருக்கும் பழங்களும் அதனால் சீக்கிரம் பழுத்துத் தளர்ந்துவிடும்.

"சரி, பிரித்ததை என்ன செய்வது?" என்று அக்கா கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தட்டின் துணியை விலக்கினார். பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பிஸ்கோத்துகள்! அறை முழுவதும் பட்டையும் கிராம்பும் மணந்தன.

நாம் பிஸ்கோத்து என்பதை அவர்கள் 'குக்கி' என்கிறார்கள். 'சின்ன கேக்' என்று பொருள்படும் டச்சு மொழிச் சொல்லிலிருந்து வந்தது அது. அமெரிக்காவில் போய் 'பிஸ்கட்' என்று கேட்டால் உப்புப் போட்ட மெத்தென்ற வேறொரு ரொட்டியைக் கொடுத்துவிடுவார்கள்! நான் முதல் நாளே ஏமாந்தேன்.

ஒன்றை எடுத்துக் கடித்தேன். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து, இடையிடையே ஆப்பிள் துண்டு, புளிப்பும் இனிப்புமாக. பட்டை தெரிந்தது, ஜாதிக்காய் தெரிந்தது, கிராம்பு தெரிந்தது. நாலாவதாக ஒரு வாசனை, மிகவும் பழக்கமானது, பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அக்காதான் கண்டுபிடித்தாள். "ஏண்டி, இது தனியா!" என்று கத்தினாள்.

தனியாவேதான். சாம்பாருக்கும் ரசத்துக்கும் வறுத்து அரைக்கிறோமே, அதே கொத்தமல்லி விதை! பிஸ்கோத்தில் எப்படி வந்தது?

அந்த அம்மாள் சொன்ன பதிலை நான் பிறகு புத்தகத்திலும் பார்த்துக்கொண்டேன். 1796-ல் கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்ஃபர்டு நகரில் 'அமெரிக்கன் குக்கரி' என்ற சமையல் புத்தகம் அச்சாயிற்று. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே வெளிவந்த முதல் சமையல் புத்தகம் என்று அதைச் சொல்கிறார்கள். எழுதியவர் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி. முகப்பிலேயே தம்மை ஓர் அநாதை என்று குறிப்பிட்டுக்கொள்கிறார். அதில் வரும் 'குக்கி'க்கு இரண்டரை ராத்தல் மாவுக்கு இரண்டு பெரிய கரண்டி தனியாப் பொடி! மாவு உப்புவதற்கு, மரச் சாம்பலிலிருந்து எடுத்த ஒரு வகை உப்பைப் போடச் சொல்கிறார். இன்று நாம் போடும் ஆப்ப சோடாவுக்கு அது மூத்த அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட என் மனத்தில் தைத்தது வேறு ஒன்று. புத்தகத்தை அச்சுக்குத் தயார் செய்யும் அளவுக்கு அமீலியாவுக்குப் படிப்பு இல்லை. ஆகவே வேறு ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுத்தார். அந்த ஆசாமி சில முக்கியமான விஷயங்களை விட்டுவிட்டு, அந்த இடத்தில் வேறு எதையோ, அதுவும் பக்குவத்தையே கெடுக்கக்கூடியதை, எழுதி வைத்துவிட்டார். புத்தகம் வெளிவந்த பிறகுதான் அமீலியாவுக்கே இது தெரிந்தது. தம் சம்மதம் இல்லாமல் நடந்த காரியம் என்று அறிவித்து, ஒரு திருத்தக் குறிப்பைச் சேர்க்க வேண்டியதாயிற்று. கையில் இருந்த வித்தை அவருடையது. எழுத்து மாத்திரம் வேறொருவருடையது. என்ன சங்கடம் பாருங்கள்!

"செய்முறையை எழுதித் தருவீர்களா?" என்று அக்கா கேட்டாள். அம்மாள் மறுநாள் ஒரு பழைய அட்டையைக் கொண்டு வந்தார். அவருடைய தாயாரின் கையெழுத்து, மை மங்கியிருந்தது. அதில் என்ன இருந்தது தெரியுமா? 'ஆப்பிள் - இருப்பது. மாவு - போதுமான அளவு. வேகும் வரை வைக்கவும்.' அவ்வளவுதான்! பட்டை எவ்வளவு என்று கிடையாது. தனியா என்ற பேச்சே கிடையாது.

"இதை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது?" என்றேன்.

"என் பேத்தியும் இதைத்தான் கேட்கிறாள். கலிபோர்னியாவில் இருக்கிறாள். மூன்று தடவை செய்து மூன்றும் களியாகிவிட்டதாம்" என்றார் அம்மாள்.

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் அதிரசம் ஞாபகம் வந்தது. "நாளைக்கு நீங்கள் செய்யுங்கள். நாங்கள் தராசோடு வந்து பக்கத்தில் நிற்கிறோம்" என்றாள் அக்கா.

அப்படியே போய் நின்றோம். அவர் கை மாவை அள்ளும். நான் பாதி வழியில் பிடித்துத் தராசில் போடுவேன். பட்டைப் பொடியை விரலால் எடுப்பார். அக்கா அதைத் தேக்கரண்டியில் வாங்கி அளப்பாள். "நீங்கள் என்ன, போலீஸா?" என்று அலுத்துக்கொண்டாலும், அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

பேத்தியின் பிஸ்கோத்து ஏன் களியாயிற்று என்பது அரை மணியில் விளங்கிவிட்டது. ஆப்பிளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர். அதைப் பச்சையாக மாவில் போட்டால் அடுப்புச் சூட்டில் தண்ணீரைக் கக்கும். மாவு வேகாமல் நொளநொளவென்று போகும். அம்மாள் என்ன செய்கிறார் தெரியுமா? ஆப்பிளைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி, சிறிது வெண்ணெயில் போட்டு, சிறு தணலில் வதக்கிக்கொண்டே இருக்கிறார். தண்ணீர் விட்டு, கொதித்து, வற்றி, பளபளவென்று ஆகும். அப்போது கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுப்பார். நீர் ஓடி வந்து கோட்டை மூடினால் இன்னும் ஆகவில்லை. கோடு அப்படியே நின்றால் ஆயிற்று. "இதுதான் பதம்!" என்று அக்கா தமிழிலேயே சொல்லிவிட்டாள். அம்மாளுக்குப் பாஷை புரியவில்லை. விஷயம் புரிந்து தலையை ஆட்டினார். அட்டையில் எழுதாமல் போனது இந்த ஒரு கோடுதான்!

இனி, நாங்கள் அளந்து எழுதிய கணக்கைத் தருகிறேன். ஏறக்குறைய இருபத்து நாலு பிஸ்கோத்துகள் வரும்.

வேண்டிய சாமான்கள்: புளிப்புள்ள ஆப்பிள், தோலும் விதையும் நீக்கி 300 கிராம் (பெரிதாக இரண்டு), உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், வதக்க மேலும் ஒரு மேஜைக் கரண்டி, கட்டியில்லாமல் சலித்த நாட்டுச் சர்க்கரை 150 கிராம், மைதா 200 கிராம், ஓட்ஸ் 50 கிராம், முட்டை 1, ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, பட்டைப் பொடி ஒரு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த தனியா அரைத் தேக்கரண்டி, துருவிய ஜாதிக்காய் கால் தேக்கரண்டி, பொடித்த கிராம்பு ஒரு சிட்டிகை, உலர்ந்த திராட்சை அல்லது வால்நட் 50 கிராம்.

செய்யும் விதம்: முதலில் ஆப்பிளை மேலே சொன்ன பதத்துக்கு வதக்கி, நன்றாக ஆறவிடுங்கள். இதில் அவசரம் கூடாது; சூட்டோடு சேர்த்தால் வெண்ணெய் உருகிப் பிஸ்கோத்து அப்பளமாகப் பரந்துவிடும். அறையின் சூட்டில் இளகிய வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும் வரை குழையுங்கள். முட்டையை உடைத்துச் சேர்த்து மறுபடி குழையுங்கள். மைதா, சோடா, உப்பு, வாசனைப் பொடிகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சலித்து அதில் போட்டுக் கலக்குங்கள். மாவு தெரியாத வரை கலந்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தீர்களானால் பிஸ்கோத்து ரப்பர் ஆகிவிடும்! கடைசியில் ஓட்ஸ், ஆப்பிள், திராட்சை. கிண்ணத்தை மூடி, குளிர்பெட்டியில் அரை மணி வையுங்கள்.

ஓவனை 180 டிகிரி செல்ஷியஸுக்கு முன்கூட்டியே சூடு செய்யுங்கள். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக இரண்டு அங்குல இடைவெளி விட்டு வைத்து, லேசாக அழுத்துங்கள். பன்னிரண்டு முதல் பதினாலு நிமிஷம். ஓரம் சிவந்து, நடுவில் இன்னும் மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிஷம் தட்டிலேயே இருக்கட்டும்; பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். சூட்டில் தொட்டால் உடையும். ஆறினால் தானே கெட்டிப்படும்.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு ஒரு வழி இருக்கிறது. இன்னொரு ஆப்பிளை வேகவைத்து மசித்து, அதில் கால் கப் எடுத்து முட்டைக்குப் பதிலாகச் சேர்க்கலாம். பிஸ்கோத்து சற்று மெத்தென்று இருக்கும். ருசியில் குறைவு இல்லை.

எந்த ஆப்பிள் வாங்குவது? சென்னைக் கடைகளில் ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் சிம்லா ஆப்பிளும் காஷ்மீர் ஆப்பிளும் வந்து குவிகின்றன. சிம்லா ஆப்பிளுக்கும் அமெரிக்காவுக்கும் சம்பந்தம் உண்டு. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்து தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர், 1916-ல் சிம்லாவுக்கு அப்பால் கோட்கட்டில் 'ரெட் டெலிஷஸ்' என்ற அமெரிக்க ஜாதியை நட்டார். அப்படியே தின்ன அது நன்றாக இருக்கும். ஆனால் அடுப்பில் வைத்தால் மாவாகக் கரைந்துவிடும். பச்சை நிறத்தில் விற்கும் 'கிரானி ஸ்மித்' இதற்கு உகந்தது. புளிப்பும் உண்டு, துண்டு கரையாமலும் நிற்கும். அந்தப் பெயரில் இருக்கும் பாட்டியும் நிஜமான ஒரு பாட்டிதான். ஆஸ்திரேலியாவில் ஸிட்னிக்குப் பக்கத்தில் இருந்த மரியா ஆன் ஸ்மித் என்ற அம்மாளின் தோட்டத்தில், 1868-ஆம் வருஷ வாக்கில் தானாக முளைத்த கன்று அது. பச்சை ஆப்பிள் கிடைக்காவிட்டால் சிவப்பையே எடுத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, கொஞ்சம் பெரிய துண்டுகளாக நறுக்கி வதக்குங்கள்.

பட்டை விஷயத்திலும் ஒரு வார்த்தை. கடையில் கட்டையாக, தடித்துக் கிடைப்பது பெரும்பாலும் 'கேஷியா' என்ற வேறு ஜாதி, காரம் அதிகம். அமெரிக்க வீடுகளிலும் அதுதான் புழங்குகிறது. இலங்கைப் பட்டை காகிதத்தைச் சுருட்டினாற்போல் மெல்லிசாக, பல அடுக்காக இருக்கும். வாசனை மென்மையாக இருக்கும். எதைப் போட்டாலும் தவறில்லை. இலங்கைப் பட்டையானால் கால் தேக்கரண்டி கூடுதலாகப் போடுங்கள்.

இன்னொன்று, இந்தப் பிஸ்கோத்து நாள்பட இருக்காது. அமீலியா அம்மாளின் கிறிஸ்துமஸ் பிஸ்கோத்து மண்பானையில் ஆறு மாதம் இருந்தால் இன்னும் மிருதுவாகி நன்றாக இருக்குமாம். அதில் பழம் இல்லை. நம்முடையதில் ஆப்பிள் இருக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் வெளியே இரண்டு நாள்; குளிர்பெட்டியில் ஐந்தாறு நாள். அதற்கு மேல் எங்கள் வீட்டில் மிஞ்சியதும் இல்லை!

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சுத்தமாக எழுதி அந்த அம்மாளிடம் கொடுத்தோம். "சரிபார்த்துக் கொடுங்கள். நாங்கள் உங்கள் சம்மதம் இல்லாமல் எதையாவது மாற்றியிருக்கப் போகிறோம்" என்றாள் அக்கா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ஒரே ஓர் இடத்தில் பேனா நின்றது. 'பன்னிரண்டு முதல் பதினாலு நிமிஷம்' என்பதை அடித்துவிட்டு, 'வாசனை அடுத்த அறைக்கு வரும் வரை' என்று எழுதினார். கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். அன்று சாயங்காலமே அதன் நகல் ஒன்று கலிபோர்னியாவுக்குப் போயிற்று. நாலு நாள் கழித்துப் பேத்தி டெலிபோன் செய்தாளாம். பிஸ்கோத்து நன்றாக வந்தது என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாளாம். அக்கா இதை எனக்குச் சொல்லும்போது அவள் குரலும் சரியாக இல்லை.

"அம்மா பக்கத்திலும் ஒரு நாள் இப்படித் தராசோடு நின்றிருக்கலாமேடி" என்றாள்.

நின்றிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. அம்மா எப்போதும் இருப்பாள் என்றே நினைத்தோம்.

வாசகிகளே! ஆப்பிள் பிஸ்கோத்தை அவசியம் செய்து பாருங்கள். ஆனால் அதற்கு முன் இன்னொரு காரியம் இருக்கிறது. உங்கள் வீட்டில் மாமியாரோ, அம்மாவோ, அத்தையோ, 'கண் திட்டம்தான், கை அளவுதான்' என்று சொல்கிறவர் ஒருவர் இருப்பார். இந்த ஐப்பசியில் அவர் அதிரசத்துக்குப் பாகு வைக்கும்போது, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் போய் நில்லுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். அவர் அடிக்க வேண்டியதை அடித்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, கையெழுத்தும் போடட்டும்.

உங்களில் யாருக்காவது அந்தப் பாகுபதம் நிச்சயமாகத் தெரிந்திருந்தால், தயவு செய்து எனக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். அமெரிக்காவில் ஒருத்தி இன்னும் மாவோடு காத்துக்கொண்டிருக்கிறாள்.